ஆடிக் காற்றிலும் நிற்கும் காத்தாடி

கேள்வி: எங்கள் ஊர் பணகுடிக்குக் கிழக்கே இருக்கிறது. நாலு ஏக்கர் புஞ்சையில் முருங்கையும் கடலையும் போடுகிறோம். நிலத்தைச் சுற்றி இருபத்தைந்து வருடத்துக்கு முந்தைய சின்னக் காத்தாடிகள். ஆடி மாதம் ஆளையே தள்ளுகிற காற்று அடிக்கும்போதும் அவற்றில் பல சும்மா நிற்கின்றன. "காற்றை வீணாக்கிவிட்டு நிலக்கரியை எரிக்கிறார்கள்" என்று மகன் கோபப்படுகிறான். இப்போது ஒரு கம்பெனிக்காரர்கள் வந்து, பழையதையெல்லாம் கழற்றிவிட்டுப் பெரிய காத்தாடி வைக்கப் போகிறோம், உங்கள் நிலத்தில் ஒன்றரை ஏக்கர் வேண்டும், கிரயமாகவும் தரலாம், 30 வருடக் குத்தகைக்கும் தரலாம் என்கிறார்கள். ஊர்ப் பெரியவர்களோ, "காத்தாடி வந்த பிறகுதான் மழை போச்சு, கொடுக்காதே" என்கிறார்கள். மகன் ஐ.டி.ஐ.யில் எலக்ட்ரீஷியன் முடித்தவன், கொடுக்கலாம் என்கிறான். உண்மையிலேயே இந்தக் காத்தாடிகளால் நாட்டுக்குப் பயன் உண்டா? எங்களுக்கு உண்டா? நான் என்ன செய்ய?

ஒரு வாசகி, பணகுடி வட்டாரம்

பதில்: அம்மா, கடைசிக் கேள்விக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிலத்தைக் கொடுக்கலாம். ஆனால் கிரயமாகக் கொடுக்க வேண்டாம், குத்தகைக்கே கொடுங்கள். அதுவும் அவர்கள் தட்டச்சு செய்து கொண்டுவந்த தாளில் அப்படியே கையெழுத்துப் போட வேண்டாம். அதில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்குப் பிறகு வருகிறேன். அதற்கு முன் மழை விஷயத்தைப் பேசிவிட வேண்டும், ஏனென்றால் உங்களைத் தயங்க வைப்பது அதுதான்.

உங்கள் பக்கத்துக்குத் தென்மேற்குப் பருவத்தில் மழை என்றைக்குமே குறைவு. அரபிக்கடலிலிருந்து வரும் காற்று தன் ஈரத்தில் பெரும்பகுதியைக் கேரளத்திலும் மலைமேலும் கொட்டிவிட்டு, ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வறண்ட காற்றாக உங்கள் சமவெளியில் இறங்குகிறது. காத்தாடியைச் சுழற்றுவது அந்த வறண்ட காற்று. உங்கள் கிணறும் குளமும் நிரம்புவது ஐப்பசி, கார்த்திகையில், வடகிழக்குப் பருவத்தில். அந்த மாதங்களில் காத்தாடிகளுக்குப் பெரிதாக வேலையே இருப்பதில்லை. உயரத்தையும் பாருங்கள். உங்கள் வட்டாரத்துப் பழைய 225 கிலோவாட் இயந்திரத்தின் இறக்கை நுனி தரையிலிருந்து ஏறத்தாழ 45 மீட்டர். இப்போது வருகிற பெரியவற்றில் நுனி 200 மீட்டரைத் தாண்டும். மழைமேகமோ கிலோமீட்டர் கணக்கில் எழுந்து நிற்பது. அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் பெரிய காற்றாலைப் பண்ணைகளைச் செயற்கைக்கோள் மூலம் பார்த்தபோது, இறக்கைகள் காற்றைக் கலக்குவதால் இரவில் தரையின் வெப்பம் சற்றுக் கூடுவது தெரிந்தது. அது தரையோடு நின்றுவிடுகிற விளைவு, மேகத்தை எட்டாது.

இருந்தாலும் பெரியவர்கள் சொல்வதில் ஒன்றை நான் கவனமாக எடுத்துக்கொள்வேன். காத்தாடி வைக்கும்போது கிரேனுக்கும் நீள லாரிக்கும் மண்ணைக் கொட்டி மேடாகப் பாதை போடுவார்கள். அந்தப் பாதை ஓர் ஓடையின் குறுக்கே போய், அடியில் குழாய் பதிக்காமல் விட்டுவிட்டால், அந்த ஓடையின் தண்ணீர் குளத்துக்கு வராது. மழை அதே அளவு பெய்தாலும் குளம் காய்ந்து கிடக்கும். உங்கள் ஊர்க் குளத்துக்கு வரும் ஓடைகளை ஒருமுறை மேல்வரை நடந்து பாருங்கள். பெரியவர்களையும் கூட்டிக்கொண்டு போங்கள், பழைய நீர்வரத்துப் பாதை அவர்களுக்குத்தான் தெரியும்.

மழையை உண்மையில் குலைப்பது காற்றில் சேரும் கரியமில வாயு. வெப்பம் ஒரு டிகிரி செல்சியஸ் கூடினால் காற்று ஏறத்தாழ 7 விழுக்காடு அதிக நீராவியைத் தாங்கும். தாங்கியதை மொத்தமாக இறக்கவும் செய்யும். 2023 டிசம்பரில் உங்களுக்குப் பக்கத்துத் தூத்துக்குடி மாவட்டக் காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் மழை கொட்டியதை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். ஒரே ஒரு மழையைக் காட்டி இதற்குக் காரணம் பருவநிலை மாற்றம் மட்டுமே என்று சொல்ல மாட்டேன். ஆனால் பெய்யாமல் கெடுப்பதும் ஒரே நாளில் பெய்து கெடுப்பதும் அடிக்கடி நடக்கும் என்றுதான் அறிவியல் எச்சரிக்கிறது. அதைத் தடுக்கும் வழிகளில் ஒன்று உங்கள் நிலத்தைச் சுற்றி நிற்கிறது. அது சுற்ற வேண்டிய நேரத்தில் சுற்றவில்லை என்பதுதான் வேதனை.

ஏன் நிற்கிறது என்று மகன் கேட்பது நியாயமான கோபம். ஆனால் காரணம் ஒன்றல்ல.

முதலில் நீங்களே கண்டுபிடிக்க ஒரு வழி சொல்கிறேன். ஒரு வரிசையில் மற்றவை சுற்றும்போது ஒன்று மட்டும் நின்றால், அந்த இயந்திரத்தில் பழுது. வரிசை முழுக்க நின்றால், லைன் ஆஃப், அல்லது துணைமின் நிலையத்திலிருந்து நிறுத்தச் சொல்லியிருக்கிறார்கள். மணிக்கு 90 கிலோமீட்டர் வேகச் சூறைக்காற்று என்றால் இயந்திரம் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளத் தானே நிற்கும். உங்கள் பகுதியில் அது எப்போதாவதுதான்.

ஒற்றையாக நிற்பவற்றின் கதை எளிது. 1990-களில் வந்த இயந்திரங்கள் பலவற்றைச் செய்த கம்பெனிகளே இன்று இல்லை. கியர்பாக்ஸ் போனால் மாற்று இல்லை. ஒன்றைப் பிரித்து இன்னொன்றை ஓட்டுகிறார்கள்.

வரிசையாக நிற்பவற்றின் கதைதான் நீளம். மின்சாரம் ஒவ்வொரு நொடியும் எவ்வளவு செலவாகிறதோ அவ்வளவே உற்பத்தியாக வேண்டும். கூடினாலும் குறைந்தாலும் 50 ஹெர்ட்ஸ் என்கிற அலைவெண் தடுமாறும். இதற்காக ஒரு நாளை 15 நிமிடம் வீதம் 96 துண்டுகளாகப் பிரித்து, எந்தத் துண்டில் யார் எவ்வளவு தருவது என்று சென்னையில் இருக்கும் மாநில மின்சுமை மையம் முன்கூட்டியே திட்டமிடுகிறது. தமிழ்நாட்டின் தேவை 2024 மே 2-ஆம் தேதி 20,830 மெகாவாட் என்ற உச்சத்தைத் தொட்டது. அது கத்திரி வெயிலை ஒட்டிய நாள். உங்கள் காற்றோ ஆனியிலும் ஆடியிலும் வருகிறது, நள்ளிரவிலும் அடங்காமல் வீசுகிறது. அப்போது ஊர் குளிர்ந்து தேவை இறங்கியிருக்கும். உங்கள் வட்டத்திலேயே இருக்கும் கூடங்குளத்தின் தலா ஆயிரம் மெகாவாட் கொண்ட இரண்டு உலைகளும் ஒரே சீராக ஓடுபவை. நிலக்கரி யூனிட்டை ராத்திரி அணைத்துக் காலையில் பற்றவைக்க முடியாது. மத்திய மின்சார ஒழுங்குமுறை ஆணையம் 2016-ல் வகுத்தபடி அவற்றை 55 விழுக்காடு வரைதான் இறக்கலாம். இப்படி இறங்க முடியாதவர்கள் எல்லோரும் இடத்தைப் பிடித்துக்கொள்ள, சுவிட்சைத் தட்டியதும் நிற்கக்கூடிய காத்தாடியை நிறுத்துகிறார்கள். இதற்கு 'பேக்டவுன்' என்று பெயர்.

பதினைந்து வருடத்துக்கு முன்பு இதை ஒரு கட்டாயம் என்று ஏற்றுக்கொண்டிருப்பேன். அன்று தென்னக மின்தொகுப்பு நாட்டின் மற்றப் பகுதியோடு முழுமையாக இணையவில்லை. மிஞ்சிய காற்று மின்சாரத்தை வடக்கே அனுப்பப் பெரிய வழி இல்லை. 2013 டிசம்பர் 31 அன்று ராய்ச்சூர் - சோலாப்பூர் 765 கிலோவோல்ட் லைன் இணைந்ததும் நாடு முழுவதும் ஒரே தொகுப்பானது. அதன்பின் சத்தீஸ்கரின் ராய்கரிலிருந்து நம் கரூர் மாவட்டத்துப் புகளூர் வரை 800 கிலோவோல்ட் நேர்மின்னோட்ட லைன் வந்தது. அது 6,000 மெகாவாட் கொண்டுவரும். காற்றுக் காலத்தில் திசை மாற்றி 3,000 மெகாவாட்டை வடக்கே அனுப்பவும் வடிவமைத்திருக்கிறார்கள். எனவே இன்று "வாங்க ஆளில்லை" என்று சொல்லிக் காற்றை நிறுத்துவதை ஏற்க முடியாது. காற்றையும் சூரியனையும் கட்டாயம் ஓட விட வேண்டும், தொகுப்பின் பாதுகாப்புக்கு ஆபத்து என்றால் மட்டுமே நிறுத்தலாம் என்பது சட்டப்படியான விதி. தமிழ்நாட்டுச் சூரிய மின் உற்பத்தியாளர்கள் தொடர்ந்த வழக்கில் 2021-ல் மின்சார மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் இதை அழுத்தமாகச் சொல்லி, பாதுகாப்புக் காரணம் இன்றி நிறுத்தியதற்கு இழப்பீடு தரும்படி உத்தரவிட்டது. உங்கள் மகனின் கோபத்துக்குச் சட்டமும் துணை நிற்கிறது என்று சொல்லுங்கள்.

மின்வாரியத்தின் பக்கமும் ஒரு நியாயம் உண்டு, அது பழைய இயந்திரங்களைப் பற்றியது. அவற்றில் பெரும்பாலானவை 'இண்டக்‌ஷன் ஜெனரேட்டர்' வகை. அவை மின்சாரம் தரும்போதே லைனிலிருந்து 'ரியாக்டிவ் பவர்' என்கிற ஒன்றை உறிஞ்சுகின்றன. ஒரே பீடரில் நூறு இயந்திரம் உறிஞ்சினால் மின்னழுத்தம் தொங்கிவிடும். எங்காவது ஒரு நொடி அழுத்தம் விழுந்தால் எல்லாம் ஒன்றாகக் கழன்று ஓடிவிடும், தொகுப்புக்கு அது பேரிடி. புதிய இயந்திரங்கள் அப்படிக் கழன்றுகொள்வதில்லை. அழுத்தம் விழுந்தாலும் தாக்குப்பிடித்து நின்று, அதைத் தூக்கி நிறுத்தவும் உதவுகின்றன. ஆகவே மாற்ற வேண்டியது இயந்திரத்தையும்தான்.

என் கருத்தை இங்கே நேராகச் சொல்கிறேன். நாட்டிலேயே சிறந்த காற்று வீசும் இடங்களில், நாட்டிலேயே சிறிய இயந்திரங்கள் உட்கார்ந்திருக்கின்றன. தமிழ்நாடு புதிதாக எத்தனை இடத்தில் சூரியத் தகடு விரித்தாலும் சரி, மன்னார் வளைகுடாக் கடலில் காற்றாலை நட்டாலும் சரி, முப்பந்தல், ஆரல்வாய்மொழி, பணகுடி, கயத்தாறு, உடுமலைப் பக்கத்துப் பழைய காத்தாடிகளை மாற்றாமல் தூய மின்சாரத்துக்கு மாறிவிட்டோம் என்று சொல்ல முடியாது.

அவை எப்படி வந்தன என்று தெரிந்தால் இது புரியும். 1980-களின் நடுவில் தூத்துக்குடிப் பக்கம் 55 கிலோவாட் இயந்திரங்களை வைத்து அரசு சோதனை செய்தது. அடுத்த பத்தாண்டில் கோயம்புத்தூர், திருப்பூர் மில்காரர்கள் வந்தார்கள். காற்றாலையில் போட்ட முதல் முழுவதையும் முதல் வருடத்திலேயே தேய்மானமாகக் கழித்து வரியை மிச்சப்படுத்தலாம் என்று அன்று சட்டம் இருந்தது. ஆளுக்கு ஒன்று, இரண்டு என்று வாங்கி வரிசையாக நட்டார்கள். அதைக் குறையாகச் சொல்ல மாட்டேன். அந்த முதல் இல்லாவிட்டால் இந்தத் தொழிலே நம் நாட்டில் பிறந்திருக்காது. பிறகு ஊரெல்லாம் பல மணி நேரம் மின்வெட்டு இருந்த ஆண்டுகளில், காற்று தொடங்கினால்தான் மில்கள் மூச்சுவிட்டன. ஆனால் அன்று கிடைத்த சின்ன இயந்திரம் அப்படியே இன்றுவரை நிற்கிறது.

சின்னதுக்கும் பெரியதுக்கும் என்ன வித்தியாசம் என்று கேட்பீர்கள். காற்றின் வேகம் இரண்டு மடங்கானால் அதில் இருக்கும் ஆற்றல் எட்டு மடங்காகும். 30 மீட்டர் உயரத்தில் மரமும் மேடும் காற்றைத் தடுக்கும். 140 மீட்டரில் அந்தத் தடை குறைவு. பொறியாளர்களின் வழக்கமான கணக்குப்படி அங்கே வேகம் கால் பங்கு கூடும், ஆற்றலோ ஏறத்தாழ இரு மடங்காகிவிடும். உயரம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்குச் சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய காற்றுசக்தி நிறுவனத்தின் மதிப்பீடே சாட்சி. தமிழ்நாட்டின் காற்று மின் வளம் 100 மீட்டர் உயரத்தில் கணக்கிட்டால் சுமார் 33,800 மெகாவாட், 150 மீட்டரில் கணக்கிட்டால் 95,000 மெகாவாட்டுக்கு மேல். நிலம் அதேதான்.

பழைய 225 கிலோவாட் இயந்திரம் நன்றாக ஓடினால் வருடத்துக்கு ஏறத்தாழ மூன்றரை லட்சம் யூனிட் தரும். மூன்று மெகாவாட் பெரியது நல்ல காற்றில் எண்பது லட்சம் யூனிட்டைத் தாண்டும். நம் நாட்டுத் தொகுப்பில் சராசரியாக ஒரு யூனிட்டுக்கு 0.7 கிலோ கரியமில வாயு வெளியாவதால், அந்த ஒன்றே வருடத்துக்கு ஐயாயிரம் டன்னுக்கு மேல் மிச்சப்படுத்தும். காத்தாடி செய்யவும் இரும்பும் சிமெண்டும் எரிபொருளும் வேண்டுமே என்று சிலர் கேட்பார்கள். வேண்டும்தான். அவ்வளவையும் சேர்த்துக் கணக்குப் போட்டுத்தான், காற்று மின்சாரம் ஒரு யூனிட்டுக்குச் சுமார் 11 கிராம், நிலக்கரி மின்சாரம் 820 கிராம் என்று பருவநிலை பற்றிய ஐ.நா. அறிவியல் குழு கூறியிருக்கிறது.

இன்னொரு கணக்கையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். பெரிய காத்தாடிக்கு இடைவெளியும் பெரிதாக வேண்டும். ஒன்றின் பின்னால் கலங்கிய காற்று அடுத்ததைத் தாக்கக் கூடாது என்பதால், இறக்கை வட்டத்தின் அகலத்தைப் போல ஒரு பக்கம் ஐந்து மடங்கும் மறுபக்கம் ஏழு மடங்கும் தள்ளி வைப்பது வழக்கம். 27 மீட்டர் வட்டத்துக்கு ஆறு ஏக்கர் பரப்பு போதும். 144 மீட்டர் வட்டத்துக்கு 180 ஏக்கர் காலியாக இருக்க வேண்டும். அந்த 180 ஏக்கருக்குள் இன்று பத்துப் பன்னிரண்டு பழைய இயந்திரங்கள் நின்றால் மாற்றுவது பெரிய லாபம். விதிப்படி நெருக்கி இருபத்தெட்டு நட்டு, எல்லாம் ஓடிக்கொண்டிருந்தால் லாபம் ஒன்றுமில்லை. இடத்துக்கு இடம் அளந்து பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும். அந்த நிலத்தில் பழைய இயந்திரங்கள் ஒரே முதலாளியுடையவையாகவும் இருக்காது. பத்து மில்காரர்களும் ஒப்புக்கொள்ள வேண்டும். இரண்டு பேர் மறுத்தால் வேலை நின்றுவிடும்.

மறுப்பவர்களுக்கும் காரணம் உண்டு. ஆடியில் விளைந்த யூனிட்டை வாரியத்தின் கணக்கில் போட்டுவைத்து, மாசி பங்குனியில் மில்லுக்கு எடுத்துக்கொள்ளும் 'பேங்கிங்' உரிமை பழைய இயந்திரங்களுக்கு உண்டு. புதிதாக வைத்தால் அந்த உரிமை போய்விடுமோ என்ற பயம் அவர்களுக்கு. வாரியமோ, மலிவான நேரத்தில் வாங்கி விலை ஏறிய நேரத்தில் திருப்பித் தருவதால் எங்களுக்கு நட்டம் என்கிறது. மத்திய அரசு 2016-லும் 2023-லும், தமிழக அரசு 2024-லும் பழையதைப் புதுப்பிக்கும் கொள்கைகளை வெளியிட்டும் வேகம் வராததற்கு இந்த முடிச்சு முக்கியக் காரணம். நாடு முழுவதும் மாற்றத்தக்க பழைய இயந்திரங்கள் 25,000 மெகாவாட் அளவுக்கு இருப்பதாகவும், அதில் 7,000-க்கு மேல் தமிழ்நாட்டில் என்றும் கணக்கிட்டிருக்கிறார்கள். 2016 கொள்கையில் ஒரு நல்ல வழி இருக்கிறது. பழைய இயந்திரம் மூன்று வருடச் சராசரியில் தந்த யூனிட்டுக்குப் பழைய ஒப்பந்தமே தொடரும், கூடுதலாக விளைவதற்குப் புதிய விலை. பேங்கிங்குக்கும் இதையே வைத்தால் மில்லுக்கும் இழப்பில்லை, வாரியத்துக்கும் புதுச் சுமை இல்லை. அரசு இதைத் தயங்காமல் செய்ய வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

ராத்திரிக் காற்றைச் சேமிக்க வழி இல்லையா என்றும் மகன் கேட்பான். உண்டு. கோயம்புத்தூர் மாவட்டத்துக் காடம்பாறையில் 1980-களிலேயே 400 மெகாவாட் நிலையம் கட்டிவிட்டார்கள். மிஞ்சும் மின்சாரத்தால் கீழ் அணைத் தண்ணீரை மேலே ஏற்றி, வேண்டும்போது இறக்கி மின்சாரம் எடுப்பது. நீலகிரியில் குந்தாவில் இதேபோல் 500 மெகாவாட் நிலையம் கட்டி வருகிறார்கள். பேட்டரியும் விலை இறங்கி வருகிறது. இவை பெருகப் பெருகப் பேக்டவுன் என்ற பேச்சே குறைய வேண்டும்.

இனி உங்கள் ஒன்றரை ஏக்கர். அன்று உங்கள் ஊரில் காத்தாடிக்கு நிலம் கொடுத்தவர்கள் பெரும்பாலும் ஒரே தடவை கிரயப் பணம் வாங்கியவர்களாகத்தான் இருப்பார்கள். அதன்பின் இருபத்தைந்து வருடம் அங்கே விளைந்த மின்சாரத்தில் அவர்களுக்கு ஒரு பைசா இல்லை. தூய மின்சாரம் வேண்டும் என்று பேசுகிற நாங்கள், அதற்கு நிலம் தந்தவர்களைப் பற்றிப் போதுமான அளவு பேசியதில்லை. அது இந்த முறையும் நடக்கக் கூடாது. அதனால்தான் கிரயம் வேண்டாம் என்றேன்.

குத்தகைத் தொகை வருடா வருடம் இத்தனை விழுக்காடு கூடும் என்று எழுத வேண்டும். முடிந்தால் விற்கும் யூனிட்டில் சிறு பங்கும் கேளுங்கள், ஆனால் அதை மட்டும் நம்பாதீர்கள். வாரியம் நிறுத்தச் சொன்னாலும், இயந்திரம் பழுதானாலும் குத்தகைப் பணம் வந்தே தீர வேண்டும். அடித்தளம், கிரேன் நிற்கும் மேடை, பாதை, கேபிள் போகும் இடம் என்று ஒவ்வொன்றுக்கும் சர்வே எண்ணோடு வரைபடம் இணைக்கச் சொல்லுங்கள். கேபிள் உழவுக்குத் தடையில்லாத ஆழத்தில் புதைய வேண்டும். கிரேன் போன பிறகு மேடையைச் சுற்றிய மண்ணில் நீங்கள் பயிர் செய்யலாம் என்று எழுதி வாங்குங்கள், கடலைக்கு இறக்கையின் நிழல் ஒரு பொருட்டல்ல. ஓடை எங்கே குறுக்கிட்டாலும் குழாய் பதித்த பிறகே மண் கொட்ட வேண்டும். வீடுகளிலிருந்து 500 மீட்டருக்குள் காத்தாடி வைக்கக் கூடாது என்று மத்திய அமைச்சகத்தின் வழிகாட்டுதல் இருக்கிறது, உங்கள் தெருவிலிருந்து அளந்து பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒப்பந்தம் முடிந்த பிறகு என்ன ஆகும் என்பதை யாரும் பேச மாட்டார்கள். நீங்கள் அவசியம் பேசுங்கள். பெரிய காத்தாடியின் அடித்தளத்தில் நூற்றுக்கணக்கான கன மீட்டர் கான்கிரீட் இறங்கும். இறக்கை கண்ணாடி இழையும் ரெசினும் சேர்ந்தது. அதை உருக்கவும் முடியாது, பழைய இரும்புக்காரரும் எடுக்க மாட்டார். இயந்திரத்தையும் இறக்கையையும் அகற்றி, கான்கிரீட்டை உழும் ஆழத்துக்குக் கீழே வரை உடைத்து எடுத்து, மண்ணைப் பழையபடி நிரவித் தருவது கம்பெனியின் பொறுப்பு. அதற்காக ஒரு தொகையை வங்கி உத்தரவாதமாக முதலிலேயே கட்ட வேண்டும். கம்பெனி கைமாறினாலும் இந்தப் பொறுப்பு வாங்குபவரோடு சேர்ந்தே போக வேண்டும். இதற்கு ஒத்துக்கொள்ளாதவருக்கு நிலம் தராதீர்கள்.

பொது அதிகாரப் பத்திரம் எழுதிக் கேட்டால் மறுத்துவிடுங்கள். நிலத்தைக் காட்டிக் கம்பெனி கடன் வாங்கக் கூடாது என்றும் எழுத வேண்டும். பக்கத்து நிலக்காரர்களிடம் என்ன விலை பேசினார்கள் என்று விசாரியுங்கள், ஆளாளுக்குத் தனித்தனியாகப் பேசுவது அவர்களுக்கு வசதி, நீங்கள் நாலைந்து குடும்பமாகச் சேர்ந்து உட்கார்ந்தால் பேச்சே மாறும்.

மகனுக்கு ஒரு வார்த்தை. எலக்ட்ரீஷியன் படித்தவர்களுக்குக் காற்றாலையில் வேலை உண்டு. உயரத்தில் கயிறு கட்டி வேலை செய்யும் பயிற்சி, உயர் அழுத்த மின்சாரத்தின் பாதுகாப்பு விதிகள், கன்ட்ரோலர் பலகையைப் படிக்கும் பழக்கம் ஆகிய இந்த மூன்றும் இருந்தால் மதிப்பு கூடும். தேசிய காற்றுசக்தி நிறுவனம் பயிற்சிகள் நடத்துகிறது, மத்திய அரசின் 'வாயுமித்ரா' திட்டமும் இதற்காகவே வந்தது. சேரும் முன் அந்த நிறுவனத்திடம் நேரில் விசாரித்து, அங்கீகாரம் உள்ள பயிற்சியில் மட்டும் சேரச் சொல்லுங்கள். வேலை தருகிறோம் என்று கம்பெனி வாயால் சொல்வதை நிலத்துக்கான விலையில் கழித்துவிடாதீர்கள்.

ஒரு வருடத்துக்கு மேற்பட்ட குத்தகைப் பத்திரத்தைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் கட்டாயம் பதிய வேண்டும். பதியாத தாள் நீதிமன்றத்தில் உங்களுக்குக் கைகொடுக்காது. காற்றுக் காலம் வருவதற்குள் நட்டுவிட வேண்டும் என்று அவசரப்படுத்துவார்கள். அவர்களுக்கு இருக்கும் அவசரம் உங்களுக்கு இல்லை. உங்களுக்காக மட்டும் பேசும் ஒரு வழக்கறிஞரிடம் பத்திரத்தை வரி வரியாகப் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். பதிவு முடிந்து நகல் உங்கள் கைக்கு வரும் வரை ஒரு மூட்டைச் சிமெண்டைக்கூட நிலத்தில் இறக்க விடாதீர்கள்.